ஊமத்தங்குளம் எரிமலை

ஜூன் 22, சனி

ஜனவரியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு கொடுத்த டைரி இது. எந்த அண்டா எந்தக் கல்யாணத்துக்குப் போனது, யார் வீட்டில் சாம்பார் வாளி தங்கிவிட்டது என்று மட்டும்தான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். தென்காசியில் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவனுக்கு அதைவிட்டால் வேறென்ன சரித்திரம்? இன்று முதல் தடவையாகச் சொந்த விஷயம் எழுதுகிறேன். வீட்டில் பேசத் தடை போட்டிருக்கிறார்கள், அதுதான் காரணம்.

நாளைக்கு என் மகள் இந்துமதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் ராஜவேல், ஊர் அம்பாசமுத்திரம். அவனும் என் மகளும் திருநெல்வேலியில் ஒரே ஜவுளிக்கடையில், ஒரே கணக்குப் பிரிவில், எதிரெதிர் மேஜையில் வேலை பார்க்கிறார்கள். இருந்தாலும் இது தரகர் கொண்டுவந்த வரன். அப்படித்தான் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். பாவம், தரகரும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்.

காலையிலிருந்து என் மனைவி சண்முகவடிவு போடும் உத்தரவுகளுக்குக் கணக்கில்லை. முகத்தைச் சுத்தமாகச் சவரம் செய்ய வேண்டும். காலாட்டக் கூடாது. அவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் அண்டா நசுங்கின விவரங்களைச் சொல்லக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அந்த எரிமலைக் கதைய மட்டும் எடுத்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதையும் நான் மீறினதில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

எரிமலைக் கதையைச் சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இன்று கடையில் வைத்து எழுதுகிறேன். வீட்டிலும் நாற்காலிகள் இருக்கின்றன. உட்காரத்தான் துணிச்சல் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பையனின் அப்பா குற்றாலிங்கம், மின்சாரத் துறையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, அளந்து பேசுகிற ஆள். அம்மா பகவதி, யாரைப் பார்த்தாலும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி பேசுகிறவர். ராஜவேல் என் மகளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். நல்ல நடிகன்.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் முடிவாகிற வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரம், காப்பியோடு சரி. இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் மறு பேச்சு கிடையாது. சண்முகவடிவு ஒரு நம்பிக்கையில் உள்ளே அவியல், தீயல், பாயசம் வரைக்கும் சமைத்து மூடி வைத்திருந்தாள்.

கேசரி ஆயிற்று, பஜ்ஜி பாதி ஆயிற்று. அதன்பிறகு ஒரு மௌனம் வந்தது. பெண் பார்க்கும் வீடுகளில் வருகிற அந்த மௌனத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும், எல்லோரும் காலண்டரைப் பார்ப்பார்கள். எனக்கு அது தாங்காது. அந்த நேரம் பார்த்து பகவதி அம்மா, உங்களுக்குப் பூர்வீகம் எது என்று கேட்டார். சங்கரன்கோவில் பக்கம் ஊமத்தங்குளம் என்றேன். பஜ்ஜியை எடுக்கப் போன குற்றாலிங்கத்தின் கை நின்றது. ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மின்கம்பம். ஒரு ராத்திரி இடி, மின்னல், மழை. காலையில் பார்த்தால் கம்பத்தின் அடியில் தரை சிவந்து கொதிக்கிறது. அதிரசப் பாகு கொதிக்குமே, அப்படி. புகை வருகிறது. கல் உருகி எங்கள் கனகாம்பரப் பாத்தியை நோக்கி வழிகிறது. மின்னலில் மேலே பீங்கான் குப்பி விரிசல் விட்டு, மின்சாரம் கம்பத்தின் வழியாக மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. ஆனால் அது யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூட வாத்தியார் ரொம்ப தூரத்திலிருந்து எட்டிப் பார்த்து, எரிமலை என்றார். அந்த வார்த்தையை ஊரில் யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. கோழி, ஆடு, குடம், ரேஷன் கார்டு சகிதம் ஊரே குளத்துக் கரையில் ஏறிவிட்டது. அம்மனுக்குக் கோபம் என்று அங்கேயே பொங்கலும் வைத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் கதையின் உயிரான இடம். ஒரு லைன்மேன் சைக்கிளில் வருகிறான். மெலிந்த பையன், புதுக் காக்கிச் சட்டை. நெருப்பைப் பார்க்கிறான். பையிலிருந்து டெஸ்டரை எடுக்கிறான். டெஸ்டரைப் பார்க்கிறான். திரும்ப நெருப்பைப் பார்க்கிறான். டெஸ்டரை மெதுவாகப் பைக்குள்ளேயே போட்டுக்கொள்கிறான். "இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுகிறான். ஒரு கால் செருப்பும் அங்கேயே கிடக்கிறது.

இந்த இடத்தைக் கேசரிக் கரண்டியை வைத்து நடித்துக் காட்டினேன். பகவதி அம்மா மூச்சு வாங்கச் சிரித்தார். ராஜவேல் சிரித்தான். கதவுக்குப் பின்னால் என் மகளின் வளையல் சத்தமும் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஆள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருப்பான் என்று கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்.

குற்றாலிங்கம் பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"ஓடல. இங்கதான் ஒக்காந்திருக்கேன்," என்றார். "அந்த லைன்மேன் நான்தான்."

அப்புறம் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டாரா என்று என் கண் தானாகப் பார்த்தது. அதைச் சண்முகவடிவும் பார்த்துவிட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

தீயல், மூன்றாம் நாள்.

ஜூன் 26, புதன்

லீவு முடிந்து இந்துமதி காலை முதல் பஸ்ஸிலேயே திருநெல்வேலி விடுதிக்குப் போய்விட்டாள். வழக்கமாக வாசலில் நின்று, யப்பா மாத்திரை போட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். இன்று கேட்கவில்லை. நானே வலியப் போய், மாத்திரை போட்டுவிட்டேன் என்றேன். சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். அது நல்ல அறிகுறி என்று நான் சொன்னேன். பசிக்கு அறிகுறி என்று சண்முகவடிவு சொன்னாள்.

கடையில் நல்ல வேலை. ஆனி முடிந்தால் ஆடி என்பதால் எல்லோரும் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்கிறார்கள். நிறைய இடத்துக்குப் பாத்திரம் அனுப்பினேன். ஊரார் பெண்களுக்கெல்லாம் பாயசக் கரண்டி கொடுக்கிறேன். என் பெண்ணுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

ஜூன் 28, வெள்ளி

குற்றாலிங்கத்துக்கு போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பழைய ரசீதின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தேன். அவர் "ஹலோ" என்று சொன்னதுமே ரசீது மறந்துபோயிற்று. அது நீங்கள் என்று தெரிந்திருந்தால் கதையைச் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன் அண்ணாச்சி என்றேன். அப்புறம் அவர், போனை வச்சிருங்க என்று மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஜூன் 30, ஞாயிறு

ராஜவேல் கடைக்கு வந்தான். தரகர் மூலமாக வந்த வரன் நேராகக் கடைக்கு வரலாமா என்று நான் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டு நிலவரத்தைச் சொன்னான். அன்றிலிருந்து அவன் அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். சோறு போடும்போது கரண்டியை எடுத்து, கரண்டியைப் பார்த்து, சோற்றைப் பார்த்து, மறுபடி கரண்டியைப் பார்க்கிறாராம். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். விடிந்ததும் ஆற்றுக்குப் போகிறவர் வெயில் ஏறின பிறகுதான் திரும்புகிறார். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை.

"சிரிச்சதுக்குக் கோவப்படுற ஆளு இல்ல மாமா," என்றான். "வேற என்னமோ இருக்கு. கேட்டா ஆத்துக்குப் போயிருதாவ."

மாமா என்று சொன்னதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். அவனும் சொல்லாத மாதிரி இருந்தான்.

போகும்போது இன்னொன்றும் சொன்னான். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு ஒரு மாதம் தள்ளிப் போகும். அதற்குள் அவனுடைய அத்தை, தன் மகளோடு மும்பையிலிருந்து வருகிறார். அப்பாவுக்கு அந்த அத்தை சொல்வது வேதம். ஆனி முடிவதற்குள் அப்பா சரி என்று சொல்லாவிட்டால் அவ்வளவுதான். டீயைக் குடிக்காமலே போய்விட்டான். நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

எனக்கு ஒரு யோசனை உதித்தது. எரிமலையைக் கண்டு ஓடினால் அது கோழைத்தனம் இல்லை, புத்திசாலித்தனம். மின்சாரக் கசிவைக் கண்டு லைன்மேன் ஓடினால்தான் கேலி. அதனால் அது நிஜ எரிமலைதான் என்று ஊரை நம்ப வைத்துவிட்டால் போதும், சம்மந்தியின் மானம் திரும்பிவிடும்.

வேலையை இன்றே ஆரம்பித்தேன். காதுகுத்துக்கு இட்லிக் கொப்பரை எடுக்க வந்த ஒருவரிடம், ஊமத்தங்குளத்தில் வெடித்தது அசல் எரிமலை என்றும் அரசாங்கம் அதை மறைத்துவிட்டது என்றும் சொன்னேன். அவர் கல்லூரியில் நிலவியல் பாடம் எடுக்கிறவராம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கொப்பரையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். என் பேச்சில் நம்பிக்கை போனால் பாத்திரத்திலும் போய்விடுகிறது. தொழிலுக்கு ஆபத்து. நிறுத்திவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

சங்கரன்கோவிலில் இருக்கிற சிவகாமி அக்காவுக்கு போன் செய்தேன். அன்று நடந்ததில், லைன்மேனுக்குச் சாதகமாக ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். லைன்மேனையே தான் பார்க்கவில்லை என்றாள். ஊரே குளத்துக் கரையில் அல்லவா இருந்தது, அங்கிருந்து நம் வீட்டுப் பின்புறம் எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டாள்.

அப்புறம் வழக்கமாகச் சொல்கிறதையும் சொன்னாள். "கரைக்கு வந்த பொறவுதான் அம்மா எண்ணிப் பாத்தா. ஆடெல்லாம் சரியா இருந்துச்சு. ஒன்னத்தான் காணும்."

இது அக்கா எப்போதும் சொல்வதுதான். கதைக்குத் தேவையில்லாத இடம் என்பதால் நான் சேர்ப்பதில்லை. நாங்கள் பார்த்தோம், நாங்கள் சிரித்தோம் என்றுதான் சொல்வது வழக்கம். கேட்கிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம். யார் யார் பார்த்தீர்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இன்று ஒரு தாம்பாளம் திரும்பி வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

தாம்பாளம் வந்துவிட்டது. இந்துமதி வரவில்லை. சனி, ஞாயிறும் கடையில் கணக்கு வேலை இருக்கிறது, விடுதியிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று அம்மாவுக்கு போனில் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடையில் என்ன கணக்கு என்று நான் கேட்டேன். உங்களால வந்த கணக்கு என்றாள் சண்முகவடிவு. பிறகு அவளே, அழுதாளாம், அவ கூட இருக்கிற பிள்ளை சொல்லிச்சு என்றாள். நான் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாயசப் போணிகளை மறுபடி கழுவினேன்.

ஜூலை 7, ஞாயிறு

அம்பாசமுத்திரம் போனேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், வாயைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்பாள்.

குற்றாலிங்கம் ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நீச்சல் தெரியாது. துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி இடுப்பளவு வந்ததும் நின்றேன். தாமிரபரணி காலை நேரத்தில் நெஞ்சைக் கவ்வுகிற குளிர்ச்சி. பல் தந்தியடிக்க, அண்ணாச்சி நான் கோமதிநாயகம் என்றேன்.

தெரியுது என்றார். இங்கேயும் கதை சொல்ல வந்தீர்களா என்று கேட்டார்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தேன். அது எரிமலைதான் அண்ணாச்சி, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், விஞ்ஞானிகள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள் என்றேன். அவர் முடிகிறவரை கேட்டார்.

"கரண்டுதான்," என்றார். "எனக்குத் தெரியாதா? அதுலதானே பொழச்சேன். நீங்க சொன்னதுல ஒரு வார்த்த பொய்யில்ல. டெஸ்டர் உள்பட."

அப்படியென்றால் எதற்குக் கோபம் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒண்ண விட்டுட்டீங்க. அங்க ஒரு பய நின்னான். ஊர்ல ஒரு சனம் இல்ல, அவன் மட்டும். வெறுங்கால், டவுசர். என்னையே பாத்துக்கிட்டு நின்னான். நான் அவனத் தூக்காம ஓடினேன்."

அவர் சொன்னதைக் கோர்வையாக எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பயத்தில் கால் தன்னால் ஓடியிருக்கிறது. பாதி வழியில் பையன் ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பவில்லை. நேராகத் துணைமின் நிலையத்துக்குப் போய், எரிமலை சார் என்று சொல்லியிருக்கிறார். அதற்காக ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர் எரிமலை. அதை ஒரு வேடிக்கையாகப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வேலை கற்கக் கற்க, மின்சாரம் இறங்கின ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்ற பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்திருக்கிறது. தெரியத் தெரிய, ஊமத்தங்குளம் பக்கம் போய் அந்தப் பையனைப் பற்றிக் கேட்கிற தைரியம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மாற்றல் கேட்டு அம்பாசமுத்திரம் வந்துவிட்டார். சைக்கிளைக்கூடத் திரும்பப் போய் எடுக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும், அடுத்தது இந்தப் பையன் கதைதான் வரப் போகிறது, பெண்டாட்டி பிள்ளை முன்னால் வரப் போகிறது என்று ஒவ்வொரு வரிக்கும் பயந்திருக்கிறார். வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

"நீங்க அந்த ஊர்க்காரரு," என்றார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பய இருக்கானா?"

எத்தனையோ கல்யாண வீட்டில் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். இதற்கு மட்டும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

"இருக்கான் அண்ணாச்சி. தென்காசியில பாத்திரம் வாடகைக்கு விடுதான். பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கான்."

அவர் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டார். ரொம்ப நேரம் மேலே வரவில்லை. எனக்குப் பயம் வந்து, நீச்சல் தெரியாது என்பதை மறந்து ஒரு படி கீழே காலை வைத்தேன். பாசி. வழுக்கிவிட்டது. எங்கிருந்தோ ஒரு கை வந்து என் புஜத்தைப் பிடித்தது. முகமெல்லாம் தண்ணீரோடு பக்கத்தில் நிற்கிறார். ஆற்றுக் குளியலில் ஒரு சௌகரியம், யார் முகத்தில் எது தண்ணீர் என்று தெரியாது. படியேறிக் கரைக்கு வந்து, துணி மாற்றுகிற இடம் வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. புஜத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. இதை எழுதும்போதும் வலிக்கிறது.

ஆற்றங்கரை டீக்கடையில் இரண்டு பேரும் சண்டை போட்டோம். நெருப்பு சிவப்பு என்றேன். மஞ்சள் என்றார். கம்பம் வேப்பமரத்துக்குக் கிழக்கே என்றேன். வேப்பமரமே கிடையாது, அது வாகை என்றார். டீ கிளாஸைக் கம்பமாகவும் பிஸ்கட்டை எங்கள் வீடாகவும் வைத்து விளக்கினார். விளக்கம் முடிகிறபோது எங்கள் வீட்டை நான் சாப்பிட்டுவிட்டிருந்தேன்.

அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். அவர் ஓடின பிறகு சைக்கிள் கீழே கிடந்தது. மேல் பக்கத்துச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். நின்ற பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையால் மறுபடி சுற்றிவிட்டேன். அப்புறம் அக்கா வந்து என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இதையும் கதையில் சேர்த்தால் சிரிப்பு வராது.

ஜூலை 8, திங்கள்

பகவதி அம்மா போன் செய்து சண்முகவடிவிடம் பேசினார். பதினைந்தாம் தேதி நிச்சயம், நம் வீட்டிலேயே. குற்றாலிங்கம் தானே நாள் பார்த்தாராம். போனை வைத்துவிட்டு என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நேற்று எங்கே போனீர்கள் என்றாள். ஆற்றில் குளிக்க என்றேன். நீச்சலும் தெரியாமலா என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

இந்துமதி போனில், யப்பா மாத்திரை போட்டியா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். திட்டினாள். நல்ல நாள்.

ஜூலை 13, சனி

நிச்சயத்துக்குச் சொந்தக் கடையிலிருந்தே பாத்திரம் எடுத்து வந்தேன். ஒரே ஒரு நசுங்கல்கூட இல்லாததாகப் பொறுக்கி எடுத்தேன். அப்படிப் பார்த்தால் எங்கள் கடையில் அவ்வளவு பாத்திரம் தேறவில்லை. நசுங்கினதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

பட்டுச்சேலை எடுக்க அலமாரியைத் திறந்தபோது இந்துமதி தன் பழைய பள்ளிக்கூடச் சீருடையை எடுத்து, இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அடுப்படித் துணிக்கு ஆகும் என்றேன். அவள் அதைத் துணிக் கூடையில் போட்டாள். நான் அப்புறமாக எடுத்து வைத்துவிட்டேன். நல்ல பருத்தி.

ஜூலை 15, திங்கள்

தட்டு மாற்றியாயிற்று. எங்கள் வீட்டு வாசலைக் குற்றாலிங்கம் வலது காலை எடுத்து வைத்து மிதித்தார்.

தட்டு மாற்றின பிறகு சாப்பாட்டுக்கு இலை போடுகிற இடைவெளியில், பகவதி அம்மா எல்லோர் முன்னாலும் எரிமலைக் கதை கேட்டார். அவருடைய சொந்தக்காரர்கள் இதற்காகவே வந்த மாதிரி நெருங்கி உட்கார்ந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சண்முகவடிவும் பார்த்தாள். வேறு மாதிரியான பார்வை. நான் சம்மந்தியின் பக்கம் கையை நீட்டி, கதைக்குச் சொந்தக்காரர் அங்கே இருக்கிறார் என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். என்னைவிட நன்றாகச் சொன்னார் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். டெஸ்டர் இடத்தில் நான் கரண்டியை வைத்துத்தான் நடிப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து நிஜ டெஸ்டரையே எடுத்தார். கொண்டுவந்திருக்கிறார். வீடு அதிர்ந்தது. பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவர்கூட செம்போடு வந்து நின்றுவிட்டார். இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல என்று அவர் சொன்னபோது பகவதி அம்மா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"அங்க ஒரு பய நின்னான்," என்றார்.

டெஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த வார்த்தை வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்புக்குக் காத்திருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு முகமாக மாறியது. ராஜவேல் அப்பாவையே பார்த்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மருமகளாக வரப் போகிறவள் முன்னால், மகன் முன்னால், இத்தனை வருஷச் சுமையை இறக்கி வைக்க வந்திருக்கிறார். வந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்குத்தான் அது தாங்காதே.

"அந்தப் பய நான்தான்," என்றேன். "அண்ணாச்சி எரிமலையப் பாத்து ஓடல. நான் கேட்ட கேள்வியக் கேட்டுத்தான் ஓடினாவ. எல்லாரும் உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடுதாவ, நான் அண்ணாச்சி சட்டையப் பிடிச்சி இழுத்து, இதுல சோளக்கதிர் சுட்டா வேகுமான்னு கேட்டேன். இந்த ஊர்ல ஒருத்தனும் வெளங்க மாட்டான்னுதான் அந்த மனுஷன் செருப்ப விட்டுட்டு ஓடினாவ."

வீடு மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சம்மந்தியின் சித்தப்பா ஒருவர், வெந்ததா இல்லையா என்று கேட்டார். ஒரு பக்கம் கருகிவிட்டது என்றேன். குற்றாலிங்கம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைத் துண்டால் துடைத்தார். நான் சொன்னது நிஜமா என்று பகவதி அம்மா அவரிடம் கேட்டதற்கு, ஆமா என்று தலையசைத்தார்.

இலை போட்டார்கள். சம்மந்தி முதல் ஆளாகக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தீயல் இரண்டு தரம் வாங்கினார். இனி மறு பேச்சு கிடையாது.

எல்லோரும் போன பிறகு பின்கட்டில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். ஆள் வைத்துக் கழுவலாம்தான். இந்துமதி பட்டுச்சேலையை மாற்றிவிட்டு, பழைய நைட்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் கழுவிக் கொடுக்கக் கொடுக்க அவள் துடைத்து அடுக்கினாள். பிறந்ததிலிருந்து இந்தக் கதையைக் கேட்டவள் அவள். தூக்கத்தில் கேட்டாலும் வரி மாறாமல் சொல்லுவாள்.

"யப்பா," என்றாள். "சோளக்கதிரு எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குத்தாம்ட்டி," என்றேன்.